தெருவும் சட்டையும்: பெங்களூரில் கால்பந்து ஆதரவு உருவான வரலாறு

கல்கத்தாவில் ஒருவர் எந்தக் கால்பந்துக் கழகத்தின் பக்கம் நிற்பார் என்பதை அறிய, அவருடைய முன்னோர் எந்த வங்காளத்தைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டாலே பெரும்பாலும் போதும். 'கோட்டி' எனப்படும் மேற்கு வங்காளக் குடும்பங்கள் 1889இல் தோன்றிய மோகன் பாகானையும், 'பாங்கால்' எனப்படும் கிழக்கு வங்காளக் குடும்பங்கள் 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலையும் தலைமுறை தலைமுறையாகத் தமதாகக் கொண்டன; மோகன் பாகான் வென்றால் இறாலுக்கும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனுக்கும் சந்தையில் கிராக்கி ஏறும் என்று சொல்லப்படும் அளவுக்கு அந்தப் பிரிவு அடுக்களை வரை சென்றது. அதே கல்கத்தாவுக்குப் பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த பெங்களூரிலோ இப்படிப் பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் பற்று எந்தக் கழகத்தின் மீதும் ஊர் தழுவிய அளவில் வேர்விடவில்லை. பெங்களூர் ரசிகர் முதலில் ஆளைத் தேர்ந்துகொண்டு, அந்த ஆளின் வழியாகவே கழகத்தை வந்தடைந்தார் என்பதும், ஆள் சட்டை மாற்றியபோது அவருடைய ஆதரவும் கூடவே இடம் மாறியது என்பதும் அந்நகரின் கால்பந்து வரலாற்றைப் பின்தொடர்வோருக்குத் தென்படும் போக்கு. அப்படி ஆனதற்கான காரணங்கள் நகரம் இரண்டாகப் பிறந்த விதத்திலேயே தொடங்குகின்றன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, பழைய பேட்டைக்குக் கிழக்கே அல்சூரை ஒட்டி 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைக் குடியிருப்பே பெங்களூர் கண்டோன்மென்ட் ஆகும். உள்ளூர் மக்கள் அதைத் 'தண்டு' என்று அழைத்தனர். தண்டு என்றால் படை, சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படைப்பிரிவு 1834இல் பெங்களூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. படையோடு சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள், துணி வணிகர்கள், கொத்தனார்கள் எனத் தமிழ் பேசுவோர் பெருந்தொகையாக மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் இந்தத் தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 1947இல்தான் மைசூரிடம் திரும்பியது. ஆகவே கன்னடம் பேசும் பேட்டையும், தமிழும் உருதும் ஆங்கிலமும் பேசும் தண்டும் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்த இரண்டு ஊர்கள். கால்பந்து வந்து இறங்கியது தண்டில். அங்கிருந்து பேட்டைக்கு அது முழுமையாகக் கடந்து போனதே இல்லை என்று சொன்னாலும் பெரிய பிழை ஆகாது.

படைப்பிரிவுகளின் ஆட்டத்தை உள்ளூர் மக்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தனர். சிம்லாவில் 1888இல் தொடங்கிய டூராண்ட் கோப்பையும், பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையும் அக்காலத்தில் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையணிகளுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் இடமாற்றம் பெற்றுச் செல்லக்கூடிய ஒரு படைப்பிரிவு, அதிலும் ஆள்வோரின் படைப்பிரிவு, பார்ப்பவர்களின் மனத்தில் 'நம்முடையது' என்ற இடத்தைப் பிடிக்க வழியில்லை. எனவே அந்த முதல் தலைமுறைப் பார்வையாளர்களை ரசிகர்கள் என்று சொல்லலாம், ஆதரவாளர்கள் என்று சொல்வது கடினம்: ஆட்டத்தை ரசித்தார்கள், ஆனால் யார் தோற்றாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கல்கத்தாவில் 1911இல் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய மோகன் பாகான் ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய பின்னர்தான், இந்தியர்களின் கழகம் ஒன்றின் வெற்றி இந்தியர்களின் வெற்றியாகவும் இருக்க முடியும் என்ற எண்ணம் நாட்டின் பிற மைதானங்களுக்கும் பரவியது.

பெங்களூரில் அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற அணி. 1937இல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் அது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 1-0 என்று தோற்கடித்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணி ஆயிற்று. குடிமக்கள் அணி என்றால் படையைச் சாராத பொதுமக்களின் அணி என்று பொருள். அடுத்த ஆண்டே ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையணியை 3-2 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. தோற்கடிக்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் சாதாரண அணி அன்று. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்று, நாடு முழுவதிலும் உள்ள முஸ்லிம்களின் பெருமிதமாக நின்ற அணி அது; பெங்களூர் ஆட்டக்காரர்களையும் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் பெங்களூர் ஆதரவாளரின் இயல்பு முதன்முறையாகத் தெளிவாகப் புலப்படுகிறது. சமூகத்தை வைத்துப் பார்த்தால் இரு அணிகளும் ஒன்றே, ஊரை வைத்துப் பார்த்தால் ஒன்று சொந்த அணி, எதிரணியிலோ பெங்களூருக்குப் பழக்கமான கால்களும் இருந்தன. அணியின் பெயரில் ஒரு சமயத்தின் அடையாளம் இருந்தபோதும், அது கொண்டுவந்த கோப்பை தண்டு முழுவதற்கும் உரியதாயிற்று என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் தண்டில் அதற்கு நிகரான வேறு கோப்பை யாரிடமும் இல்லை. 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் இதே கோப்பையின் இறுதியில் பெங்களூர் முஸ்லிம்ஸை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1948இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் மோகன் பாகானை 1-0 என வென்று மூன்றாவது முறையாக ரோவர்ஸ் கோப்பையைக் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை சாதித்த அணி, கல்கத்தாவில் பிறந்திருந்தால் இன்றும் பல்லாயிரம் பேரின் கழகமாக இருந்திருக்கும்.

அது நிகழாமல் போனதற்கு முதற்காரணம் பணம். கல்கத்தா லீக்கில் நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் கூட்டமும், கழகங்களைத் தாங்கும் செல்வந்தர்களும் இருந்தனர். சம்பளம் என்று வெளிப்படையாகச் சொல்லாமலே ஆட்டக்காரர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கைச்செலவும் அங்கே கிடைத்தன. பெங்களூரின் கழகங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இருபது வயதைத் தாண்டியதும் மதராஸ் வழியாக ஹௌரா செல்லும் ரயிலில் ஏறுவது வழக்கமாயிற்று.

1948 லண்டன் ஒலிம்பிக் அணியைப் பார்த்தால் பெங்களூரின் ஆட்டக்காரர் வளத்தின் அளவு தெரியும். விடுதலை பெற்ற இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக ஒரு கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்ட இந்தியா 2-1 எனத் தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று நொறுக்கியபோது அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். சுதந்திர இந்தியாவின் முதல் இரண்டு ஒலிம்பிக் கோல்களும் தண்டின் மைதானங்களில் வளர்ந்த ஆட்டத்திலிருந்து பிறந்தவை. பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்தக் காலத்தில், ஈரமும் குளிரும் நிறைந்த ஹெல்சிங்கியின் தோல்விக்குப் பிறகே பூட்ஸ் கட்டாயம் என்ற நிலை இந்தியாவில் வந்தது.

அகமது கானும் அவருடன் லண்டன் சென்ற தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தனர். அக்காலத்து அணியமைப்பில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள்: இரு ஓரங்களில் இருவர், நடுவில் ஒருவர், இவர்களுக்கு இடையில் உட்புறமாக இருவர். அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் ஆகிய ஐவரைக் கொண்ட ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைக் கல்கத்தா 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடியது; 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அக்கழகம் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பெருமிதத்தை ஆந்திரத்திலும் கேரளத்திலும் பெங்களூரிலும் இருந்து வந்தவர்கள் தூக்கிச் சுமந்தனர். அந்த ரசிகர்களுக்குச் சட்டையே பொருட்டு, அதை அணிந்தவர் எந்த மொழி பேசினாலும் சரி. பெங்களூரில் இதற்கு நேர்மாறாக நடந்தது: கிழக்கு வங்காளத்தோடு எந்த உறவும் இல்லாத தண்டுக்காரர்கள், தங்கள் தெருப்பையன் அதன் சட்டையை அணிந்திருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் ஈஸ்ட் பெங்காலின் ஆட்ட முடிவுகளை நாளிதழில் தேடினர். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய கெம்பையாவும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அருமைநாயகமும் மோகன் பாகான் பக்கம் போனபோது, அந்தக் கவனமும் அவர்களோடு பாதி வழி போயிற்று. கல்கத்தாவில் ஒரே வீட்டில் இரண்டு கழகங்களுக்கும் ஆதரவு இருப்பது வீட்டுச் சண்டைக்குக் காரணம்; பெங்களூரில் அது இயல்பு.

ஆட்டக்காரர்கள் வெளியூர் சென்றபின் ஊருக்கென்று எஞ்சி நின்றது மாநில அணி. மாநிலங்களுக்கிடையே 1941 முதல் நடத்தப்படும் சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் வென்றது. நான்கு இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி வங்காளம். பெயர் மைசூர் என்றாலும் அணியில் பெரும்பகுதி பெங்களூர், அதிலும் தண்டு. இந்த வெற்றிகளின் இனிமைக்குப் பின்னால் ஒரு கசப்பும் இருந்தது. கல்கத்தாவில் குடியேறிய பெங்களூர்க்காரர் வங்காளத்தின் சட்டையை அணிந்துகொண்டு சொந்த ஊருக்கு எதிராகவே களமிறங்க நேரலாம். அப்படிப்பட்ட நாளில் யாருக்குக் கைதட்டுவது என்ற சிக்கல் பிறவிப் பற்று கொண்ட கல்கத்தா ரசிகருக்கு வராது.

உள்ளூர்க் கழகங்கள் வேரூன்றாமல் போனதற்கு இரண்டாவது காரணம் அவற்றின் உடைமை யாரிடம் இருந்தது என்பது. 1940இல் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை என்ற எச்.ஏ.எல்., 1948இல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிலகம் என்ற ஐ.டி.ஐ., 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பெங்களூரை உழைக்கும் நகரமாக மாற்றின. இவை விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ஆட்டக்காரர்களை ஊழியர்களாகவே எடுத்துக்கொண்டன: பதிவேட்டில் அவர் உதவியாளரோ இயந்திரப் பணியாளரோ ஆவார், பிற்பகலில் பயிற்சிக்கு விடுவிக்கப்படுவார், ஆடும் காலம் முடிந்த பிறகும் ஓய்வூதியம் வரை வேலை நிலைக்கும். கல்கத்தா தரும் புகழைவிட இந்த நிச்சயம் பல குடும்பங்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1977இல் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதியில், அன்று நாட்டின் பெரும் கழகமாக இருந்த மோகன் பாகானை 1-0 என்று வென்றது ஐ.டி.ஐ. தொலைபேசிப் பெட்டி செய்யும் ஆலையின் ஊழியர்கள் இந்தியாவின் முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றார்கள் என்ற செய்தி பெங்களூரிலேயே இன்று பலருக்குப் புதிதாக இருக்கும்.

ஆலையின் அணி என்பதாலேயே அது ஊரின் அணியாக முடியாது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் ஆலைகளிலிருந்தும் ரயில் பட்டறைகளிலிருந்தும் பிறந்த கழகங்கள்தான் பின்னர் உலகக் கழகங்கள் ஆயின. லங்காஷயர்-யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் 1878இல் தொடங்கிய நியூட்டன் ஹீத் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. உல்விச்சில் இருந்த அரசுப் படைக்கலத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கிய கழகம் ஆர்சனல். சனிக்கிழமை பிற்பகலில் ஆலைகள் நிற்க வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த ஓய்வு நேரம் அந்தக் கழகங்களுக்குக் கூட்டத்தைக் கொடுத்தது. அவை விரைவில் ஆலையிடமிருந்து விலகித் தனி நிறுவனங்களாகிச் சீட்டு விற்றன. ஆர்சனல் 1913இல் தான் பிறந்த தெற்கு லண்டனையே விட்டு வடக்கே இடம்பெயர்ந்தது. பெங்களூரில் ஆலையும் அணியும் கடைசிவரை பிரியவில்லை. தொலைத்தொடர்புத் துறை 1990களில் திறந்துவிடப்பட்டு ஐ.டி.ஐ. நலிந்தபோது அதன் அணியும் உடன் நலிந்தது. ஊழியர்களைத் தவிர மற்றவர்கள் அந்தச் சட்டையைத் தமதாக எண்ணுவதற்கு அணி யாரையும் அழைத்ததும் இல்லை, அழைக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை; சீட்டு விற்று வாழும் கழகத்துக்குத்தான் ஆதரவாளர் தேவை, சம்பளப் பட்டியலில் வாழும் அணிக்குத் தேவையில்லை.

கழகங்கள் ஏற்காத அந்த ஆதரவைத் தெருக்கள் ஏற்றுக்கொண்டன. 1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்கத் தண்டில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஃபிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னர், குறைந்த வருவாய் உடையவர்களுக்காக மர்ஃபி டவுனும் ஆஸ்டின் டவுனும் உருவாயின. ஆஸ்டின் டவுனுக்குக் கன்னட அகராதி தந்த கிட்டலின் பெயரைச் சூட்டினார்கள்; ஆனால் ஆட்டக்காரர்கள் இன்றுவரை ஆஸ்டின் டவுன்காரர்களாகவே அறியப்படுகிறார்கள். சிறு வீடுகள், ஒட்டியே ஒரு திறந்த மைதானம், பந்தைத் தவிர வேறு செலவில்லாத ஆட்டம் என்ற மூன்றும் சேர்ந்த இந்தக் குடியிருப்புகளில், தமிழ் பேசும் தலித், கிறித்தவக் குடும்பங்களிலிருந்தும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் தொடர்ந்து வந்தனர். மட்டையும் காப்புறைகளும் சீரான ஆடுகளமும் கேட்கும் கிரிக்கெட் பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற பகுதிகளில் வளர்ந்ததையும், கால்பந்து தண்டின் எளிய தெருக்களில் வளர்ந்ததையும் சேர்த்துப் பார்க்கையில், நகரின் பழைய எல்லைக்கோடு விளையாட்டிலும் அழியாமல் தொடர்ந்தது தெரியவருகிறது.

அல்சூரை அடுத்த கௌதமபுரம் இதற்கு உச்சமான சான்று. பெங்களூரின் 'மினி பிரேசில்' என்று அறியப்படும் அந்தக் குடியிருப்பில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் உருவங்களோடு ஒரே வரிசையில் பந்துடன் பெலேயின் சிலையும் இருக்கிறது. பெலே பெங்களூருக்கு வந்தவர் அல்லர்; 1977 செப்டம்பரில் நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு கல்கத்தா வந்து மோகன் பாகானுக்கு எதிராக ஆடி, 2-2 என்ற சமநிலையோடு திரும்பியவர். 1958, 1962, 1970 உலகக் கோப்பைகளை அவர் வென்ற காலத்தில் கௌதமபுரத்தில் தொலைக்காட்சி கிடையாது. ஆட்டத்தைக் காணாமல் பெயரை மட்டும் கேட்டு ஒரு குடியிருப்பு தொலைதூர நாட்டின் அணியைத் தனதாக்கிக்கொண்டதற்கு, அந்தச் சிலை வரிசையே ஓரளவு விளக்கம் தருகிறது. வறுமையிலிருந்தும் நிறத்தின் பெயரால் வந்த இழிவிலிருந்தும் எழுந்து உலகின் முன் நிமிர்ந்து நின்ற ஒருவரை, அம்பேத்கரின் அருகில் அமர்த்துவதில் தலித் குடியிருப்பு ஒன்றுக்குத் தயக்கம் இருக்கக் காரணமில்லை. இங்கும் முதலில் வந்தவர் ஆள். பிரேசிலின் மஞ்சள் சட்டை அவருக்குப் பின்னால் வந்தது.

ஆஸ்டின் டவுனில் வளர்ந்த கார்ல்டன் சாப்மேன் இந்தப் பழைய வகை ஆதரவின் கடைசிப் பெரிய நாயகர் எனலாம். டாட்டா கால்பந்து அகாதமியில் பயின்று ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்த அவர், 1993இல் ஆசியக் கோப்பை வென்றோர் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணியை அக்கழகம் 6-2 என வீழ்த்திய ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். பின்னர் பஞ்சாபின் ஜே.சி.டி. அணியோடு 1996-97இல் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றார், இந்திய அணிக்குத் தலைமையும் ஏற்றார். அவர் எந்த ஊரின் சட்டையை அணிந்தாலும் ஆஸ்டின் டவுனுக்கு அவர் ஆஸ்டின் டவுன்தான். 2020இல் அவர் 49 வயதில் மறைந்தார்.

இதற்குள் ஆதரவு வேறொரு வாசல் வழியாகவும் நுழைந்துவிட்டது. 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியபோது, அதுவரை காதால் கேட்ட ஆட்டத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை மரடோனாவின் பின்னால் சென்றது. பெலேயின் தெருவிலும் அர்ஜென்டினாவின் கொடி ஏறியது. 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தன. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வந்ததிலிருந்து வளர்ந்த கணினித் துறை நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்களைப் பெங்களூருக்கு அழைத்திருந்தது; அவர்களுக்கு ஆஸ்டின் டவுன் தெரியாது, ஐ.டி.ஐ.யின் கோப்பையும் தெரியாது. இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் சனிக்கிழமை ஆட்டம் இந்திய நேரப்படி கோடையில் இரவு 7.30க்கும் குளிர்காலத்தில் 8.30க்கும் தொடங்கும் என்பது, வார இறுதி மாலையில் சர்ச் தெருவிலும் இந்திராநகரிலும் உள்ள பப்புகளில் கூடுவதற்கு அளந்து தைத்தது போலப் பொருந்தியது. எந்தக் கழகம் என்பதைப் பெரும்பாலும் முதலில் பார்த்த ஆண்டு தீர்மானித்தது: 1990களின் இறுதியில் பார்க்கத் தொடங்கியவர் மான்செஸ்டர் யுனைடெட், 2004ஐ ஒட்டிப் பார்க்கத் தொடங்கியவர் ஒரு பருவம் முழுவதும் தோல்வியே காணாத ஆர்சனல், அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னால் வந்தவர் செல்சீ என்று வயதை வைத்தே ஊகித்துவிடலாம். முதல் நாயகர் அணிமாறிச் சென்ற பின்பும் இவர்கள் கழகத்தை விடவில்லை என்பது தண்டின் மரபில் இல்லாத புதுமை. ரயில் பட்டறையிலும் படைக்கலத் தொழிற்சாலையிலும் பிறந்த கழகங்களின் சட்டையை அணிந்தவர்கள், வானூர்தித் தொழிற்சாலையின் அணி ஒன்று சில கிலோமீட்டர் தொலைவில் 2010 முதல் இரண்டு பருவங்கள் அன்று நாட்டின் முதல்நிலைப் போட்டியாக இருந்த ஐ-லீக்கில் ஆடித் தோற்றுக் கீழிறங்கியதைக் கவனிக்கவே இல்லை என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

எச்.ஏ.எல். அணி 2012இல் விட்ட இடத்துக்கு 2013இல் வந்தது ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் பெங்களூரு எஃப்சி. நகரத்தின் ஆங்கிலப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 2014 நவம்பர் 1 அன்று. கழகம் அதற்கு ஓராண்டு முன்பே கன்னட வடிவத்தைப் பெயராகச் சூடிக்கொண்டது. எந்தப் படைக்கும் சமயத்துக்கும் ஆலைக்கும் உரியதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளாத, நகரத்தின் பெயரை மட்டும் முன்வைத்த முதல் பெரிய கழகம் இது. சுனில் சேத்ரி தலைமையில், ஆங்கிலேயரான ஆஷ்லி வெஸ்ட்வுட்டின் பயிற்சியில், முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. அசோக் நகரில் உள்ள, சுமார் 8,000 பேர் அமரக்கூடிய பழைய பெங்களூர் கால்பந்து மைதானத்தின் மேற்குப் பகுதியில் நின்று முழங்கிய இளைஞர்கள் அந்த இருக்கைத் தொகுதியின் பெயரையே எடுத்து 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்டனர். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே போகக்கூடிய மைதானம் அது. ஆனால் மேற்குத் தொகுதியில் கேட்ட முழக்கங்களின் மெட்டும் கொடி அசைக்கும் முறையும் பப்புகளில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துக் கற்றவை. சொற்கள் கன்னடமும் ஆங்கிலமும் கலந்தவை. மறுபருவத்தில் கழகம் சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் எழுந்த கண்டீரவா மைதானத்துக்கு மாறியபோது அவர்கள் அங்கேயும் மேற்குத் தொகுதியையே பிடித்துக்கொண்டனர். ஒரு காலத்தில் பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவே கிடந்த ஏரியின் படுகையில் இரு பக்கத்தாரும் ஒரே நிறத்தில் அமர்ந்தது தற்செயல்தான் என்றாலும், அந்த இடப்பெயர்வு கழகத்துக்கு நன்மையே செய்தது.

பிறந்த ஊரும் வாழும் ஊரும் வேறாக உள்ள நகரத்தில் நகரக் கழகம் எதிர்கொண்ட சோதனைகள் வேறுவகை. கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாளில் பெங்களூரில் வேலை செய்யும் மலையாளிகளால் கண்டீரவாவின் ஒரு பகுதி மஞ்சளாகிவிடும். இன்னும் நுட்பமான சோதனை 2018 மார்ச் 17 அன்று அதே மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம்: எதிரணி சென்னையின் எஃப்சி. இருநூறு ஆண்டுகளாகத் தமிழ் பேசிவரும் தண்டு, மொழியின் பக்கம் நிற்பதா, ஊரின் பக்கம் நிற்பதா என்ற கேள்வியை வெளியிலிருந்து பார்ப்பவர் எழுப்பக்கூடும். ஆனால் மதராஸோடு தண்டுக்கு இருந்த உறவு கால்பந்து உறவாக ஒருபோதும் இருந்ததில்லை, அதன் ஆட்டக்காரர்கள் ரயில் மாறுவதற்கு மட்டுமே மதராஸில் இறங்கினர். சென்னை 3-2 என வென்றது. சரியாக ஓராண்டு கழித்து 2019 மார்ச் 17 அன்று மும்பையில், கூடுதல் நேரத்தில் ராகுல் பேகே தலையால் அடித்த கோலில் கோவாவை வென்று பெங்களூரு அப்பட்டத்தைப் பெற்றது.

2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணி தடுப்பு வரிசை அமைப்பதற்கு முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்ப, கேரள அணி ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியது. அந்தச் சர்ச்சை நாடெங்கும் பேசப்பட்டது, பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. மறுநாள் மார்ச் 4 அன்று, சவுதி அரேபியாவின் ரியாத் நகரில், கர்நாடக அணி மேகாலயாவை 3-2 என்று வென்று 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மைசூர் என்ற பெயரில் 1968-69இல் சொந்த ஊரில் வென்ற கோப்பை, கர்நாடகம் என்ற பெயரில் கடல் கடந்த மைதானம் ஒன்றில் திரும்பக் கிடைத்தபோது, மேற்குத் தொகுதியின் கொடிகள் எதுவும் அங்கே இல்லை. பெங்களூரின் பேச்சு முந்தைய இரவின் ஃப்ரீ கிக்கைப் பற்றியே இருந்தது.